குட்வில் கணக்கு

உலகத்தில் ஏமாற்றங்கள் பலவகை. ஜன்னலோர சீட்டுக்குத் துண்டு போட்டு இடம் பிடித்துவிட்டு, பஸ் கிளம்பிய பிறகு அந்த ஜன்னல் திறக்கவே திறக்காது என்று தெரிந்துகொள்வது ஒரு வகை. கல்யாண வீட்டில் மூன்றாம் பந்தி வரை கௌரவமாகக் காத்திருந்து உட்கார்ந்தால், பாயச வாளி காலியாகிப் போனது இன்னொரு வகை. இன்க்ரிமென்ட் வருகிற மாதம் பார்த்து ஏதோ ஒரு பிடித்தம் ஏறுவது மூன்றாம் வகை. இதெல்லாம் ஒரு ராத்திரி தூங்கி எழுந்தால் போய்விடும்.

போகாத வகை ஒன்று இருக்கிறது. அபிமான எழுத்தாளரின் புது நாவல் சப்பென்று இருப்பது!

சிரிக்காதீர்கள் ஸார். சினிமா சரியில்லை என்றால் இன்டர்வெல்லில் எழுந்து வந்துவிடலாம். நம்மோடு சேர்ந்து ஏமாந்தவர்கள் தியேட்டர் வாசலில் இருநூறு பேர் இருப்பார்கள். திட்டிக்கொண்டே டீ குடிக்கலாம். கிரிக்கெட்டில் தோற்றால் அடுத்த மாட்ச் இருக்கிறது. நாவல் அப்படியில்லை. ராத்திரி எல்லோரும் தூங்கின பிறகு, நாமும் அவரும் மட்டும். அவர் சொதப்புகிறார், நாம் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறோம். யாரிடம் போய்ச் சொல்வது?

இந்த வியாதிக்கு நான்கு கட்டங்கள் உண்டு. முப்பதாம் பக்கத்தில், "மெதுவாத்தான் ஆரம்பிப்பார். இனிமேல்தான் சூடு பிடிக்கும்" என்போம். நூறாம் பக்கத்தில் பழியை நம் மேலேயே போட்டுக்கொள்வோம். ஆபீஸ் களைப்பு, கொசு, பக்கத்து வீட்டு டி.வி. இருநூறாம் பக்கத்தில், புத்தகத்தை மூடி அட்டையைத் திருப்பிப் பார்ப்போம். அதே பெயர்தானா, இனிஷியல் ஏதாவது மாறியிருக்கிறதா? நான்காவது கட்டம்தான் ஆபத்தானது. படித்து முடித்தபின் சிநேகிதன் "எப்படிடா இருக்கு?" என்று கேட்பான். நாம் முகத்தைக் கனமாக வைத்துக்கொண்டு, "இன்னொரு தடவை படிக்கணும்" என்போம். தமிழில் இதைவிட நாகரிகமான பொய் கிடையாது.

ஏன் இத்தனை வலி? பி.காம். படித்தவனுக்கு இதற்கு ஒரு பதில் கைவசம் இருக்கிறது. குட்வில்!

கணக்குப் பதிவியலில் குட்வில் என்பது கண்ணுக்குத் தெரியாத சொத்து. மேஜை, நாற்காலி, சரக்கு எல்லாம் மதிப்புப் போட்ட பிறகும், ஒரு கடைக்கு அதற்கு மேல் ஒரு விலை இருக்கும். அதுதான் குட்வில். திருநெல்வேலி இருட்டுக்கடை வாசலில் சாயங்காலம் கூட்டம் நிற்கிறதே, வெறும் கோதுமைக்கும் நெய்க்குமா நிற்கிறது? பெயருக்கு நிற்கிறது. மற்ற கடைகள் சம்பாதிக்கிற சாதாரண லாபத்துக்கு மேல் ஒரு கடை எவ்வளவு சம்பாதிக்கிறது என்று பார்த்து, அதை இத்தனை வருஷம் என்று பெருக்கி குட்வில் கண்டுபிடிக்கிற முறைக்கு சூப்பர் பிராஃபிட் முறை என்று பெயர். பரீட்சையில் இந்தக் கணக்குக்கு நிச்சயம் மார்க் உண்டு.

முன்பின் தெரியாத எழுத்தாளரின் நாவலை 440 ரூபாய் கொடுத்து வாங்குகிறோம். சரியில்லையா, நஷ்டம் 440 ரூபாய். கதை முடிந்தது. அபிமான எழுத்தாளர் என்றால் அதே 440 ரூபாயோடு கூட, அவருடைய பழைய நாவல்களைப் படித்த ராத்திரிகள், நோட்டில் எழுதி வைத்த வரிகள், அவருக்காக ஹாஸ்டலில் போட்ட சண்டைகள் எல்லாவற்றையும் சேர்த்து முதலீடு செய்கிறோம். நஷ்டம் வரும்போது அத்தனையும் சேர்ந்து ஆட்டம் காண்கிறது. பதினெட்டு வயதில் உனக்குப் பிடித்ததே தப்போ என்று ஒரு சந்தேகம் வருகிறது பாருங்கள், அதுதான் வலிக்கிற இடம்.

இந்த ஆராய்ச்சியெல்லாம் ஏன் இப்போது என்றால், எங்கள் ஊரில் ஒரு பார்ட்னர்ஷிப் கம்பெனி சமீபத்தில் இந்த வகையில் நஷ்டப்பட்டது.

எங்கள் ஊர் சங்கரன்கோவில். 2019 நவம்பர் வரை திருநெல்வேலி மாவட்டம், அதற்குப் பிறகு தென்காசி மாவட்டம். கோமதி அம்மன், ஆடித்தபசு, புற்று மண், பூ மார்க்கெட், விசைத்தறி எல்லாம் உண்டு. சில தெருக்களில் தறிச் சத்தம் நின்றால்தான் தூக்கம் கலையும். மேற்படி கம்பெனியில் நான்கு பங்குதாரர்கள். தறி ஓனர் ஒருவரிடம் கணக்கு எழுதும் அண்ணாச்சி, ஓர் இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட், குரூப் ஃபோர் பரீட்சைக்குப் படித்துக்கொண்டே இருக்கும் ஒரு தம்பி, நான். ஆளுக்கு 110 ரூபாய் போட்டுப் புத்தகம் வாங்குவோம். சீனியாரிட்டிப்படி வரிசையாகப் படிப்போம். தலைமை அலுவலகம், கோயில் பக்கத்து டீக்கடை பெஞ்ச்.

எழுத்தாளர் பெயரைச் சொல்லப் போவதில்லை. உங்களுக்கென்று ஒருவர் இருப்பார், அவர் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள். எங்கள் நால்வருக்கும் அவர் என்றால் உயிர். பல வருஷம் கழித்து, அவருடைய பழைய நாவல் ஒன்றின் தொடர்ச்சியாகப் புதுசு எழுதியிருக்கிறார் என்று செய்தி வந்ததும் முன்பதிவு செய்தோம். பார்சல் வந்த அன்று அண்ணாச்சி கைகழுவிவிட்டு வந்து பிரித்தார்.

ஒரு மாதத்தில் நாலு பேரும் முடித்தோம். பெஞ்சில் உட்கார்ந்தோம். யாரும் பேசவில்லை. கடைசியில் தம்பிதான் வாயைத் திறந்தான்.

"இதத் திருப்பிக் குடுத்தா ரூவா தருவாங்களாண்ணே?"

எல்லோரும் சிரித்தோம். ஆனால் இது சிரிக்கிற கேள்வியில்லை. நிஜமாகவே திருப்பிக் கொடுத்த கடை ஒன்று இருக்கிறது.

*

அமெரிக்காவில் ஹார்ப்பர் லீ என்ற அம்மாள் 1960-ல் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' என்று ஒரு நாவல் எழுதினார். அநியாயமாகக் குற்றம் சாட்டப்பட்ட ஒரு கறுப்பருக்காக வாதாடும் அட்டிகஸ் ஃபின்ச் என்கிற வெள்ளைக்கார வக்கீலின் கதை. 1961-ல் புலிட்சர் பரிசு. 1962-ல் சினிமா, வக்கீலாக நடித்த கிரிகரி பெக்குக்கு ஆஸ்கர். அந்தக் கதையைப் படித்துவிட்டு வக்கீலுக்குப் படிக்கப் போனவர்கள் உண்டு. பிள்ளைக்கு அட்டிகஸ் என்று பெயர் வைத்தவர்கள் உண்டு. நம் ஊரில் அருள்மொழி, குந்தவை, வானதி என்று வைக்கிறோமே, அதே மாதிரி.

அப்புறம் அந்த அம்மாள் நாவலே எழுதவில்லை. ஐம்பத்தைந்து வருஷம்! 2015 ஜூலையில் திடீரென்று 'கோ செட் எ வாட்ச்மேன்' என்று ஒரு நாவல் அவர் பெயரில் வெளியானது. ஜனங்கள் க்யூவில் நின்று வாங்கினார்கள். வீட்டுக்குப் போய்ப் பிரித்தால், அதே அட்டிகஸ், வயதான காலத்தில், கறுப்பர்களுக்குச் சம உரிமை கூடாது என்கிற கும்பலோடு உட்கார்ந்திருக்கிறார்! பிள்ளைக்குப் பெயர் வைத்த அப்பா அம்மாக்கள் என்ன செய்வார்கள், சொல்லுங்கள்?

விஷயம் என்னவென்றால், அது புது நாவலே இல்லை. 1950-களில் அவர் முதலில் எழுதி, பதிப்பாசிரியர் இதை இன்னொரு மாதிரி எழுதிப் பாரேன் என்று திருப்பிக் கொடுத்த பிரதி. அப்படித் திருத்தித் திருத்தி எழுதிய பிறகு வந்ததுதான் புகழ்பெற்ற அந்த நாவல். மிச்சிகன் மாநிலத்தில் ட்ராவர்ஸ் சிட்டி என்ற ஊரில் ஒரு புத்தகக் கடைக்காரர், புது நாவல் என்று நினைத்து வாங்கி ஏமாந்தவர்கள் புத்தகத்தைக் கொண்டுவந்தால் பணம் வாபஸ் என்று அறிவித்தார்.

தம்பிக்கு இந்தக் கதையைச் சொன்னேன். "அந்த ஊர்ல பொறந்திருக்கணும்ணே" என்று பெருமூச்சு விட்டான்.

எனக்கென்னவோ பணம் வாபஸ் வாங்குவதில் சம்மதமில்லை. கடைக்காரர் 440 ரூபாயைத்தான் திருப்பித் தர முடியும். குட்வில்லை யார் திருப்பித் தருவார்கள்?

*

ஏமாந்த வாசகர்கள் வேறு என்ன செய்யலாம்? நம் ஊரிலேயே ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. கல்கி!

'பொன்னியின் செல்வன்' 1950 அக்டோபர் 29-ம் தேதி கல்கி இதழில் தொடங்கியது. ஐந்து பாகம். சுமார் மூன்றரை வருஷம் ஓடி 1954-ல் முடிந்தது. வாரா வாரம் பக்கத்தைக் கிழித்துச் சேர்த்து, மணியம் படங்களோடு பைண்டு செய்து வைத்த வால்யூம்கள் இன்றும் சில வீட்டுப் பரண்களில் இருக்கின்றன. நம் தாத்தா பாட்டிகள் மூன்றரை வருஷம் வந்தியத்தேவனோடு குதிரையில் போனவர்கள்.

அப்படிப் போனவர்களுக்கு முடிவு வந்தபோது என்ன ஆயிற்று? பலருக்குத் திருப்தியில்லை! கதை சட்டென்று நின்றுவிட்டது, இவள் என்ன ஆனாள், அவன் என்ன ஆனான், கல்யாணம் நடந்ததா இல்லையா என்று குறைப்பட்டு எழுதினார்கள். இன்று நாம் தலைக்கு மேல் தூக்கிவைத்துக் கொண்டாடுகிற அதே 'பொன்னியின் செல்வ'னுக்குத்தான் இந்தக் கதி!

கல்கி என்ன செய்தார் என்பதுதான் முக்கியம். கோபப்படவில்லை. 'என் வாசகர்களுக்கு ரசனை போதாது' என்று பேட்டி கொடுக்கவில்லை. உட்கார்ந்து ஒரு முடிவுரை எழுதினார். இது ஏன் இந்த இடத்தில் முடிகிறது, 'பார்த்திபன் கனவு', 'சிவகாமியின் சபதம்' இரண்டிலிருந்தும் இது எப்படி வேறு மாதிரியான கதை என்று விளக்கினார். பாத்திரங்கள் பிற்பாடு என்ன ஆனார்கள் என்ற கேள்விகளுக்கும் பதில் சொன்னார். பல பதிப்புகளில் கடைசியில் அந்த முடிவுரை இருக்கும். நம்மில் பாதிப் பேர் கதை முடிந்ததும் மூடிவைத்துவிடுவோம். அடுத்த தடவை அதையும் படித்துப் பாருங்கள். ஓர் எழுத்தாளர் தன் வாசகர்களை எவ்வளவு மதித்தார் என்று தெரியும்.

அப்படியும் ஆறாதவர்கள் இருந்தார்கள். விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி' என்று கதையை மேலே கொண்டுபோனார். ராஜராஜனை பாலகுமாரன் 'உடையா'ரில் தன் வழியில் எழுதினார். கல்கி அதே 1954 டிசம்பர் 5-ம் தேதி காலமானார். அவர் பாதியில் விட்ட 'அமர தாரா'வை, அவருடைய குறிப்புகளை வைத்து மகள் ஆனந்தி முடித்துக் கொடுத்தார். அந்த முடிவுரையும் இல்லாமல் அவர் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும், யோசித்துப் பாருங்கள். இன்றைக்கும் டீக்கடைகளில் அடிதடி நடந்துகொண்டிருக்கும்.

*

கல்கி விளக்கம் சொன்னார். ஜெயகாந்தன் விளக்கத்தோடு நிற்கவில்லை. அவர் பதிலுக்கு ஒரு நாவலையே எழுதினார்.

1966-ல் ஆனந்த விகடனில் 'அக்கினிப் பிரவேசம்' என்று அவருடைய சிறுகதை வந்தது. மழை நாளில் ஒரு காலேஜ் பெண் முன்பின் தெரியாதவனின் காரில் ஏறுகிறாள். நடக்கக் கூடாதது நடந்து வீட்டுக்கு வருகிறாள். அம்மா அவள் தலையில் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று அணைத்துக்கொள்கிறாள். அவ்வளவுதான் கதை. தமிழ்நாடே இரண்டுபட்டது. எந்த அம்மா இப்படிச் செய்வாள் என்று கேட்டு எழுதினவர்கள் ஏராளம். கதையின் முடிவை மாற்றி எழுதிப் பார்த்தவர்களும் உண்டு.

சரி, அந்த அம்மா அப்படிச் செய்யவில்லை என்றே வைத்துக்கொள்வோம், ஊரைக் கூட்டி அழுதிருந்தால் அந்தப் பெண் என்ன ஆகியிருப்பாள் என்று யோசித்தார் ஜே.கே. அந்த யோசனைதான் 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. தினமணி கதிரில் தொடராக வந்தது. 1972-ல் அதற்கு சாகித்ய அகாடமி விருது. 1977-ல் பீம்சிங் டைரக்ஷனில் படம். கங்காவாக நடித்த லட்சுமிக்கு தேசிய விருது. யோசித்துப் பார்த்தால், இத்தனைக்கும் ஆரம்பம் திருப்தியில்லாத வாசகர்கள் போட்ட சண்டை!

அதோடு விட்டிருக்கலாம். கங்கா அப்புறம் என்ன ஆனாள் என்ற கேள்விக்கு ஜே.கே. 'கங்கை எங்கே போகிறாள்' என்று இன்னொரு நாவலும் எழுதினார். முதல் நாவலைப் பற்றிப் பேசுகிறவர்கள் நூறு பேர் என்றால், இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பத்துப் பேர் இருந்தால் அதிகம். ஒரே எழுத்தாளர், ஒரே கங்கா, ஒரே பேனா. ஒன்றில் வாசகனோடு சண்டை இருக்கிறது. மற்றதில் வாசகனின் ஆவல் மட்டும் இருக்கிறது. சண்டையில் பிறந்த நாவலுக்கு இருந்த சூடு, ஆவலில் பிறந்ததற்கு இல்லை என்பது என் கட்சி. மறுப்பவர்கள் எழுதலாம்.

வாசகனின் ஆவலுக்காக எழுதி மாட்டிக்கொண்டதில் உலக சாம்பியன் ஆர்தர் கானன் டாயில்தான். ஷெர்லாக் ஹோம்ஸை எழுதி எழுதி அலுத்துப்போய், 1893 டிசம்பரில் ஓர் அருவியில் தள்ளிக் கொன்றார். ஹோம்ஸ் கதைகள் வந்த ஸ்ட்ராண்ட் பத்திரிகைக்கு எத்தனையோ பேர் சந்தாவை நிறுத்தினார்கள் என்பார்கள். எட்டு வருஷம் தாங்கினார் மனுஷர். 1901-ல் 'பாஸ்கர்வில் வேட்டைநாய்' கதையை, ஹோம்ஸ் சாவதற்கு முன்னால் நடந்தது என்று சொல்லிச் சமாளித்தார். 1903-ல் வேறு வழியின்றி உயிரோடு திருப்பிக் கொண்டுவந்தார். ஹோம்ஸ் அருவியில் விழவே இல்லையாம்!

அதற்கப்புறம் கார்ன்வால் பக்கத்துப் படகோட்டி ஒருவர் தன்னிடம் சொன்னதாக டாயிலே எழுதியிருக்கிறார். 'அந்த மலை மேலிருந்து விழுந்தபோது ஹோம்ஸ் சாகாமல் தப்பித்திருக்கலாம் ஐயா. ஆனால் அதற்கப்புறம் அவர் பழைய ஆளாக இல்லை' என்கிற அர்த்தத்தில். எத்தனை பெரிய விமர்சனம், பாருங்கள்! இதைச் சொன்னது பேராசிரியர் இல்லை. படகு தள்ளுகிறவர். அதை மறைக்காமல் நமக்குச் சொன்னாரே டாயில், அவரையும் பாராட்ட வேண்டும்.

*

இனி எங்கள் பெஞ்சுக்கு வருகிறேன்.

இன்ஷூரன்ஸ் ஏஜெண்டும் தம்பியும் இரண்டு கட்சியாகிவிட்டார்கள். "பழைய ஆளு வேற, இப்ப எழுதுத ஆளு வேறடே. பழச மட்டும் வச்சுக்க. புதுச விட்டுரு" என்பது ஏஜெண்ட். "அதெப்படிண்ணே? இப்பிடி எழுதுதவரு அப்பவும் உள்ளுக்குள்ள இப்பிடித்தான இருந்திருப்பாரு?" என்பது தம்பி. எங்கள் ஊர் ஸ்தல புராணத்தில் சங்கன், பதுமன் என்று இரண்டு நாக ராஜாக்கள் சிவன் பெரியவரா, பெருமாள் பெரியவரா என்று சண்டை போட்டது மாதிரி. அந்த வழக்கைத் தீர்க்க அம்மன் தபசு இருக்க வேண்டியதாயிற்று. கடைசியில் ஒரே உடம்பில் பாதி சங்கரன், பாதி நாராயணனாக சுவாமி காட்சி கொடுத்தார். எழுத்தாளர் விஷயத்தில் அப்படியெல்லாம் காட்சி கிடைக்காது. பழைய நாவலும் புது நாவலும் ஒரே கைதான் என்று நாமாகத்தான் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அண்ணாச்சி மட்டும் எதுவும் பேசாமல் இருந்தார். கிளாஸில் டீ ஆறி ஏடு கட்டிக்கொண்டிருந்தது. எங்களுக்கெல்லாம் போனது ஆளுக்கு 110 ரூபாய். அண்ணாச்சிக்குப் போனது என்னவென்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

1996-ல் அண்ணாச்சி கடன் வாங்கி நான்கு தறி போட்டு, நூல் விலை ஏறி, நான்கையும் விற்றிருக்கிறார். திருப்பூருக்குப் போய் ஏதாவது பனியன் கம்பெனியில் சேர்ந்துகொள்வது என்று ஒரு ராத்திரி பையோடு பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருக்கிறார். பையில் நூலகத்துப் புத்தகம் ஒன்று. மறுநாள் கெடு. போகும்போது யாரிடமாவது கொடுத்து அனுப்பலாம் என்று கொண்டுவந்தது. பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது ட்யூப் லைட் வெளிச்சத்தில் அதைப் பிரித்திருக்கிறார். தோற்றுப்போன ஒருவன் தன் சொந்த ஊரிலேயே, தன்னைத் தோற்றவன் என்று பார்க்கிற ஜனங்கள் நடுவிலேயே, இருந்துவிடுகிற கதை. மூன்று பஸ் போய்விட்டது. விடிந்ததும் புத்தகத்தைத் தன் கையாலேயே நூலகத்தில் கொடுத்துவிட்டு வீட்டுக்குத் திரும்பியிருக்கிறார். அடுத்த வாரம் கணக்கு எழுதுகிற வேலைக்குச் சேர்ந்தார். இரண்டு பெண்களைப் படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்தார்.

அந்தப் புத்தகத்தின் தொடர்ச்சிதான் இப்போது வந்திருக்கிற நாவல். அதே கதாநாயகனுக்கு வயதாகிவிட்டது. ஊரில் தங்கியது முட்டாள்தனம், அன்றைக்கே போயிருக்க வேண்டும் என்கிறான்.

"அதுக்காக வருத்தப்படுதீங்களா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"அதுக்கு இல்ல தம்பி. போயிருக்கணும்னு அவன் நெனைக்கலாம். நானே எத்தன ராத்திரி நெனச்சிருக்கேன். ஆனா அவன் எப்பிடி அந்த முடிவுக்கு வந்தான்? எதப் பாத்தான்? யாரு அவன என்ன சொன்னா? அதெல்லாம் ஒண்ணும் இல்ல. நூத்தி எண்பதாம் பக்கத்துல மடத்துச் சாமியார்ட்ட அரைப் பக்கம் பேசுதான். முடிஞ்சு போச்சு. மிச்ச முந்நூறு பக்கமும் சாமியார்தான் பேசுதாரு. மொத புஸ்தகத்துல அவன் தங்குததுக்கு இருநூறு பக்கம் எழுதுனாருல்லா? கஷ்டத்த எல்லாம் காட்டிட்டுத்தான தங்க வச்சாரு? நான் தங்குனது தப்புன்னு அவரு சொல்லட்டும். ஆனா கதையாச் சொல்லணும். இப்பிடி நோட்டீஸ் ஒட்டக் கூடாது."

நான் பத்து வருஷமாகப் பத்திரிகைகளில் எழுதிக்கொண்டிருக்கிறேன். இந்த மாதிரி ஒரு விமர்சனம் எனக்கு எழுத வந்ததில்லை.

"இத அப்படியே அவருக்கு எழுதுங்க அண்ணாச்சி" என்றேன்.

உடனே ஏஜெண்ட் குறுக்கே விழுந்தார். "வேண்டாம்வே. வயசான மனுசன். இத்தன வருசம் எழுதிக் கொட்டியிருக்காரு. மனசு சங்கடப்படும். நல்லாருக்குன்னு ரெண்டு வரி எழுதிப் போடும். இல்லேன்னா சும்மா இரும்."

இதுதான் பிரச்னையே. நம் அபிமான எழுத்தாளரைச் சுற்றி இன்றைக்கு இரண்டே வகை ஆட்கள்தான். ஒரு வகை, எதை எழுதினாலும் 'மகத்தான படைப்பு' என்று கையெடுத்துக் கும்பிடுகிறவர்கள். இன்னொரு வகை, படிக்காமலே ஏசுகிறவர்கள். முதல் வகை சொல்வதை அவர் நம்பிவிடுகிறார். இரண்டாம் வகை சொல்வதை அவர் காதில் போட்டுக்கொள்வதில்லை. படித்துவிட்டு, பிரியம் இருந்தும், 'இது சரியா வரலை ஸார், இந்த இடத்தில் சறுக்கிவிட்டது' என்று சொல்கிற மூன்றாம் வகை ஆள் வாயை மூடிக்கொண்டு 'இன்னொரு தடவை படிக்கணும்' என்று போய்விடுகிறான். கல்கி முடிவுரை எழுதினார் என்றால், குறைப்பட்டு எழுத அன்றைக்கு ஆள் இருந்தது. ஜே.கே. கங்காவை எழுதினார் என்றால், சண்டைக்கு ஆள் இருந்தது. நல்ல எழுத்தாளர் கெட்டுப்போவதில் நம் மௌனத்துக்கும் பங்கு இருக்கிறது. இதில் மரியாதை எங்கே வந்தது? சொந்தக்காரப் பெரியவர் வேட்டி அவிழ்ந்தது தெரியாமல் நடந்துபோனால், மரியாதைக்காகச் சொல்லாமல் இருப்போமா?

வாதம் ஒன்றரை மணி நேரம் நடந்தது. டீ இரண்டு ரவுண்டு. கடைசியில் அண்ணாச்சியே தீர்ப்புச் சொன்னார்.

"எழுதுதேன். ஆனா ஏச்சா எழுத மாட்டேன். பஸ் ஸ்டாண்டு கதையையும் எழுதுதேன். அதச் சொல்லாம இதச் சொன்னா, பாதிக் கணக்குத்தான காட்டுன மாதிரி இருக்கும்?"

வரவும் செலவும் இரண்டு பக்கமும் எழுத வேண்டும் என்று பி.காம்.மில் மூன்று வருஷம் சொல்லிக்கொடுத்தார்கள். அண்ணாச்சி பத்தாம் வகுப்பு.

இன்லண்ட் லெட்டர் ஒன்று வாங்கினார். தபால் ஆபீஸில் அவருக்கு முன்னால் அதை யார் கடைசியாகக் கேட்டார்களோ தெரியவில்லை, கிளார்க் தேடித்தான் எடுத்தார். பேரேடு எழுதுகிற அதே கையெழுத்தில், இரண்டு பக்கமும், மடிக்கிற ஓரம் வரை எழுதினார். எங்களிடம் படித்துக் காட்டவில்லை. பதிப்பகத்து விலாசத்துக்கு, எழுத்தாளர் பெயருக்கு, தபாலில் போட்டார்.

ஏழு வாரம் ஆகிறது. பதில் வரவில்லை.

நேற்று சாயங்காலம் தம்பி பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டான். "அவ்வளவு பெரிய லெட்டரு போட்டீங்களே அண்ணாச்சி, ஒரு வரி பதில் வரலியே?"

"லெட்டருக்கு லெட்டர்தான் பதிலா வரணுமாக்கும்? நம்ம ஜெயகாந்தன் எப்பிடிப் பதில் சொன்னாருன்னு இவரு சொன்னாருல்லா?" என்று என்னைக் காட்டினார் அண்ணாச்சி. அப்புறம் டவுசர் பையில் கைவிட்டு, ஒரு நூறு ரூபாய் நோட்டையும் ஒரு பத்தையும் எடுத்து என் சட்டைப் பையில் வைத்தார்.

"அவரு அடுத்து எதாவது எழுதுனா, என் பங்கு."

அட்வான்ஸ் என்று நோட்டில் வரவு வைத்திருக்கிறேன். இன்னும் மூன்று பங்குதாரர்களின் பாக்கி 330 ரூபாய்.